விபத்து அறிக்கை, மூன்றாம் பத்தி

சாத்தங்காடு கன்டெய்னர் யார்டில்
எனக்குக் கொடுத்த மேசைக்குப் பின்னால்
ஏசி சொட்டிக்கொண்டே இருக்கும்.
அடியில் ஒரு பெயின்ட் டப்பா.
டப்பா நிறைவதற்குள் அறிக்கை போயாக வேண்டும்
இன்ஷூரன்ஸுக்கு, ஆங்கிலத்தில்.

ராத்திரி ஷிப்டில் விழுந்தது டில்லிபாபு.
லாஷிங் வேலை. மூன்றாம் அடுக்கு.
இடது கால் இரண்டு இடத்தில் முறிவு.

தமிழென்றால் கை தானாக ஓடிவிடும்.
எர்ணாவூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த,
பதினோரு மணிக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தந்த,
எட்டு மாதமாக ஹெல்மெட் கேட்டுக்கொண்டிருந்த,
அன்றைக்கும் வெறுந்தலையோடு ஏறிய
டில்லிபாபு.
பெயர் கடைசியில்தான்.
கொருக்குப்பேட்டையில் கூட்ஸைப்
பின்னாலிருந்து தள்ளுகிற எஞ்சின் மாதிரி.
கேட்டில் நிற்கிறவன்
அத்தனை பெட்டியையும் எண்ணி முடித்தால்தான்
தள்ளியது யாரென்று தெரியும்.

ஆங்கிலத்தில் பெயர் முன்னால் கிளம்புகிறது.
எண்ணூர் ரோட்டு டிரெய்லர் லாரி.
முதலில் தலை, அப்புறம் கொக்கி.
கொக்கியின் பெயர் ஹூ.
அதில் மாட்டி நாற்பதடி இழுக்கலாம்.
கொக்கி கழன்றால்
தலை மட்டும் மணலி போய்ச் சேர்ந்துவிடும்,
சரக்கு நடுரோட்டில்.

குரூப் ஃபோருக்குப் படிக்கிற புத்தகத்தில்
நம்முடையதைப் பெயரெச்சம் என்று போட்டிருக்கிறான்.
வந்த. கேட்ட. விழுந்த.
முடியாமல், ஒரு பெயருக்காகக் காத்திருக்கும் வினை.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில்
எக்ஸ்ரே கவரை மடியில் வைத்துக்கொண்டு
அவன் மனைவி குணபூஷணம் உட்கார்ந்திருந்தாளே,
அது.

மேனேஜர் வரைவு தயாராக இருந்தது.
மூன்றாம் பத்தியில்
ஒப்பந்தத் தொழிலாளர்; உடனே ஒரு விச்.
அஃறிணை.
மேல் வரியில் இரும்பு வடத்துக்கும் விச்,
ஃபோர்க்லிஃப்டுக்கும் விச்.
"லேபர்னா அது ஒரு கூட்டம்மா,
கூட்டத்துக்கு விச்தான் வரும்."
புத்தகத்தைப் புரட்டினேன்.
அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.
அதுதான் எரிந்தது.

ஹெல்மெட் இல்லாத ஆட்கள் மேலே ஏறினார்கள்.
தமிழில் இந்த வரி
இரண்டு பக்கமும் தலையாட்டும்.
இல்லாதவர்கள் மட்டும் ஏறினார்களா,
ஏறினவர்கள் யாருக்குமே இல்லையா?
ஆங்கிலத்தில் அதைத் தீர்ப்பது கமா.
கமா இல்லையென்றால்
மற்றவர்களுக்கெல்லாம் ஹெல்மெட் இருந்தது,
இவன்தான் மறந்து ஏறினான், இவன் தப்பு.
முன்னால் ஒன்று பின்னால் ஒன்று வைத்துவிட்டால்
ஒருத்தனுக்கும் கொடுக்கவில்லை.

வரைவில் கமா இல்லை.

விச்சை அடித்துவிட்டு ஹூ போட்டேன்.
வைத்தேன் இரண்டு கமா,
நெத்திலிக் கண் அளவுக்கு.
மேனேஜர் ஹூவைப் பார்த்துச் சிரித்தார்.
"சரி, மனுஷங்கதானே, இருக்கட்டும்."
கையெழுத்துப் போட்டார்.
கமாவை அவர் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது.
தெளிவுபடுத்தவும்:
அன்றிரவு எவருக்குமே தலைக்கவசம்
வழங்கப்படவில்லை என்று கொள்ளலாமா?

கத்திவாக்கம் ரயிலைப் பிடிக்கப் பை எடுக்கும்போது
கூப்பிட்டார்கள்.
தாளில் அந்த இரண்டு புள்ளிவாலையும்
சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள்.
தலைமை அலுவலகத்து ஆள் ஒருவர், தமிழ் தெரியாது,
ஒரே சொல்தான் கேட்டார்:
ஹூ?

நம்மிடம் யார் கேட்க மட்டும்தான்.
அவர்களுக்கோ
கேட்கிற ஹூவும் கோக்கிற ஹூவும் ஒன்றே.
அவர் கேட்டார். நான் அதையே கொக்கியாக எடுத்துக்கொண்டேன்.

விளக்கம் எழுதித் தரச் சொல்லி
வெள்ளைத் தாள் நீட்டினார்கள்.
டப்பா நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.
கொட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.
எந்த மொழியில் என்று யாரும் சொல்லவில்லை.

மேற்படி அறிக்கையைத் தட்டச்சு செய்த,
ஹெல்மெட் கேட்டு அவன் கொடுத்த மூன்று மனுவையும்
ஃபைலில் நூல் கோத்து வைத்த,
கமா போட்ட

சகாயராணி.