நிலுவை: ஒன்று

ஒன்பதே முக்காலுக்கு விரல் வைத்தால்
சுவரிலிருக்கும் பெட்டி 'நன்றி' என்கிறது.
சில நாள் என் விரல் அதற்குப் பிடிபடாது.
'மீண்டும் முயற்சிக்கவும்.'
பாத்திரம் தேய்த்தே ரேகை போச்சு என்கிறாள் ஷைனி.
தேங்காயெண்ணெய் தொட்டு முயற்சிக்கிறேன்,
நான்தான் நான் என்று.

குளச்சல் சார்பதிவகம். மாடி.
ஐஸ் ஃபாக்டரிச் சுவரைப் பார்த்த ஜன்னல்.
கடல் அரைக் கிலோமீட்டர்; வாடை மட்டும் வரும்.
பதினோரு வருடமாகப் பழைய பத்திரங்களைக்
கணினியில் ஏற்றுகிறேன்.
கிழக்கே, மேற்கே, தெற்கே, வடக்கே.
நாளொன்றுக்கு அறுபது பத்திரம்,
இருநூற்று நாற்பது எல்லை.
உறக்கத்தில் 'மேற்படி, மேற்படி' என்று முனகுகிறேனாம்.
சொன்னவர் ரப்பர் கடையில் கணக்கெழுதுகிறார்;
அவர் முனகுவது கிலோவும் கிராமும்.

கொல்லம் ஆண்டு போட்ட கட்டுகள் எல்லாம் எனக்கு.
மலையாள லிபி வாசிக்க வேறு ஆளில்லை.
கருத்தப்பாண்டி சார் உசிலம்பட்டிக்காரர்,
அந்த எழுத்தை ஜிலேபி என்பார்.
ஜிலேபிக்குள்தான் விளைகளின் பெயர் இருக்கும்.
திரையில் பெயருக்குக் கட்டம் கிடையாது, எண் போதுமாம்.
பூனைகிடந்தான்விளை.
வாசிக்குவாங்கினவிளை.
ஒற்றைக்குநின்றான்விளை.
ஏறாத பெயர்களைக்
கட்டணமில்லா பஸ் டிக்கெட்டின் முதுகில் எழுதிச்
சோற்று டப்பாவுக்கு அடியில் வைக்கிறேன்.
எதற்கென்று கேட்டால் தெரியாது.
மீன்குழம்பு பட்டுச் சில விளைகள் அழிந்துவிட்டன.

ஆனி மாசம், ஒரு செவ்வாய், அடைமழை.
கொரற்றி என்றொருத்தி வந்தாள்.
வள்ளத்துக்கு எஞ்சின் வாங்க லோன்;
அதற்கு வில்லங்கச் சான்று.
'எனக்க அப்பன் வலை ஒணத்துன எடமாக்கும்.'
ஆயிரத்து நூற்று இருபத்தேழாம் ஆண்டுப் பத்திரம்.
கிழக்கே மிக்கேல் வகை புரையிடம்.
மேற்கே நடைபாதை.
வடக்கே குருசடி.
தெற்கே கடல்.

கடற்புறம்போக்கு என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள்,
பக்கத்தில் எண்ணும் இருக்கும்.
இந்த ஆள் 'கடல்' என்று எழுதிப்
பேனாவை மூடிவிட்டுப் போயிருக்கிறார்.

தட்டினேன். சர்வே எண் இல்லாமல் பதிய இயலாது.
பூஜ்யம் போட்டேன். பூஜ்யம் செல்லாது.
'நாலு ஒன்பது போடும்மா,' பின்னாலிருந்து சார்,
'எல்லாரும் போடுறதுதான். யாரு பாக்கப் போறா?'

எத்தனை நாலு ஒன்பது போட்டிருக்கிறேன்.
கிணறுகளுக்கு, பேர் தெரியாத ஓடைகளுக்கு,
ஒருமுறை ஒரு கல்லறைக்கு.
அன்றைக்குக் கை வரவில்லை.
வீரமெல்லாம் இல்லை, உள்ளங்கை வேர்த்தது;
பென்ஷன் இன்னும் பதினேழு வருடத் தொலைவில்.
கையால் எழுதிக் கொடுக்கலாமென்று
பழைய விதி ஒன்று உண்டு சார், என்றேன்.
முதல்முறையாக என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்:
'டெல்பின், வில்லங்கம் பண்ணாதீங்க.'

வெள்ளைத்தாள் எடுத்தேன்.
பதினோரு வருடத்தில் கையெழுத்து யாருடையதோ ஆகியிருந்தது.
'கிழக்கே' கோணல், 'மேற்கே' அதைவிட.
நாலாவது வரிக்கு வரும்போது பேனா பழகிவிட்டது.
'கடல்' என்பதில் கடைசி எழுத்து
தாளின் ஓரம்வரை போய்த்தான் நின்றது.
முத்திரை வைத்து, சார் கையொப்பமும் போட்டார்,
என்னைப் பார்க்காமல்.
கொரற்றி அதை மடித்துப் பிளாஸ்டிக் கவரில் இட்டு
'நல்ல சாளை கொண்டு வாறேன்' என்று போனாள்.
இதுவரை கொண்டுவரவில்லை.

சாயங்காலம் எல்லாரும் அனுப்பும் அறிக்கையில்
ஷைனிக்கு நிலுவை இல்லை.
ராபின்சனுக்கு இல்லை.
எனக்கு எப்போதும் ஒன்று.
நாகர்கோவிலிலிருந்து இரண்டு மெமோ வந்தது.
'ஆய்வில் உள்ளது' என்று பதில் எழுதினேன்.
அந்தக் காலிக் கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு மின்னி மின்னி நிற்கிறது,
அலை மாதிரி என்றெல்லாம் சொல்லமாட்டேன்,
மின்னுகிறது, அவ்வளவுதான்.

இறங்கினால் மழை விட்டிருக்கிறது.
இரணியல் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிடம்.
காலையில் வந்த டிக்கெட்டின் முதுகு காலி.