இரண்டாம் பூச்சு

காட்பாடி ஸ்டேஷனுக்கு எதிரே, சித்தூர் பஸ் திரும்புகிற முனையில்
என் கடை. நம்பர் பிளேட், கல்வெட்டு, பட்டாளத்துப் பெட்டி.
லீவு முடிந்தவர்கள் கறுப்பு டிரங்கை இறக்கிவைத்து
"வெள்ளைல போடுப்பா, ஜம்மு வரிக்கும் அழியக்கூடாது" என்பார்கள்.
எழுத்துக்கு எட்டு ரூபாய். எண்ணுக்கும் அதே.

உன்னிடம் நான் காசு வாங்கியதில்லை, கோதண்டா.
எண், ரேங்க், பெயர், கணியம்பாடி அஞ்சல்.
பார்க்காமலே எழுதுவேன்.
என் ஆதார் எண் எனக்குத் தெரியாது.
உன் எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

முதல் பெட்டியில், சிவப்பு ப்ரைமர் காய்ந்ததும்
உன் பெயர் வரப்போகும் இடத்துக்கு நேர் கீழே
என் பெயரை எழுதினேன்.
பிறகு கறுப்பு. பிறகு இன்னொரு பூச்சு கறுப்பு.

அங்கே எனக்கு வேறு பெயர்.
அணைக்கட்டு மஞ்சுளா.
டீச்சர் டிரெயினிங் முடித்தவள், கொஞ்சம் கோபக்காரி.
ஒன்பது வருஷமாகக் கம்பெனியே அவளை விசாரிக்கிறது,
கல்யாணத்தை ஏன் இழுக்கிறாய் என்று உன்னைத் திட்டுகிறது.
அவளுக்கு டைபாய்டு வந்தபோது
(எனக்குத்தான் வந்தது, சி.எம்.சி.யில் ஆறு நாள்)
ஒரு சுபேதார் தேங்காய் உடைத்தாராம்.
எல்லாரும் பணம் போட்டு கேன்டீன் விலையில்
குக்கர் ஒன்று கொடுத்தனுப்பினார்கள்.
அதில்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு.

தீர்ப்பு வந்த அன்று நீ மலைமேல் இருந்தாய்.
ஆறு நிமிஷம் சிக்னல்.
இலவம்பாடி முள்ளுக்கத்திரி கிலோ என்ன விலை என்றாய்.
சொன்னேன்.
"அவ்ளோ எறங்கிடுச்சா" என்றாய்.
அதற்குமேல் இரண்டு பேருக்கும் குரல் வரவில்லை.
ஊருக்கு இறங்கி வந்த சட்டம்
உன் மலைக்கு ஏறவில்லை.

வாரிசுப் படிவத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம்.
அதில் உன் அண்ணன் இருக்கிறார், பேச்சை நிறுத்திய அண்ணன்.
உனக்கு ஒன்று என்றால் போன் அவருக்குப் போகும்.
எனக்கு, டீக்கடை டிவியில் அடியில் ஓடுகிற வரி.
சாயங்காலமே யாராவது வருவார்கள், கல்லுக்கு எழுத்துப் போட.
தோற்றம். மறைவு.
கை நடுங்கினால் வெயில் என்பேன்.
வேலூரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இந்த லீவுக்கு வந்ததும் சொன்னாய்,
ஸ்டீபன் கண்டுபிடித்துவிட்டான் என்று, அந்த மார்த்தாண்டத்துக்காரன்.
மஞ்சுளா அனுப்பிய முறுக்குப் பார்சலின் முகவரி,
உன் பெட்டியின் பெயர்.
இரண்டிலும் 'ஆர்' எழுத்தின் கால் ஒரே மாதிரி உதைக்கிறதாம்.
அன்றிரவு சென்ட்ரி மாற்றும்போது
தன் பங்கு பாதாமை உன் கையில் கொட்டி
"மஞ்சுளாவுக்கு" என்றானாம்.
நாலடி போய்த் திரும்பி,
"அவன் பேரென்ன?"

சொல்லிவிட்டாய்.
அந்தக் குளிரில் என் பெயர்
புகைபோல வெளியே வந்ததாம்.

நேற்று கோட்டை அகழியோரம் நடந்தோம்.
"கடுக்கனைக் கழட்டுன்னு சொன்னதுக்கு இங்க சண்டை நடந்துச்சு,
ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சோமே, அஞ்சு மார்க்கு" என்றாய்.
"பீரங்கி வாயில வச்சதும் அதே பாடத்துல தாண்டா இருக்குது" என்றேன்.
"ஆமா" என்றாய். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"போனதும் கமாண்டர்கிட்ட பேசப்போறேன்.
அனுப்பினா இன்னா, வந்து உனக்கு பிரஷ் கழுவுறேன்."

உனக்குப் பிரஷ் கழுவத் தெரியாது.
உனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்,
அதில் உன்னைவிட நல்லவன் அந்த பட்டாலியனில் இல்லை.

இப்போது பெட்டி என் முன்னால்.
லாரி லாரியாக உரசியதில் கறுப்பு உதிர்ந்து
உன் பெயருக்குக் கீழே சிவப்பு தெரிகிறது,
சிவப்பில் என் இரண்டு எழுத்து.
நான் கறுப்பு டப்பாவைத் திறந்தேன்.
நீ மூடினாய்.
"வெள்ளை எடு.
இந்த வாட்டி காசு வாங்கு."

எண்ணிப் பார்த்தேன். ஏழு எழுத்து, ஐம்பத்தாறு ரூபாய்.
பக்கத்துக் கடை ஜெராக்ஸ்காரர் எட்டிப் பார்க்கிறார்.
வண்டிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.
முதல் எழுத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறேன்.
தொடாதே.
காயட்டும்.