எந்தப் பக்கம்

முதலாம் குறுக்குத் தெருவில்
சார்ஜர் குவியலுக்கு நடுவே
சதுரமான டோர்ச் மாதிரிக் கிடந்தது.
கமரா என்று கடைக்காரரே நம்பவில்லை.
எட்டாயிரம் கேட்டார், ஆறுக்குத் தந்தார்,
வேலை செய்யாட்டி என்னைத் தேடி வராதேயும் என்றார்.

வேலை செய்தது.

மற்றக் கமராக்கள்
வெளிச்சம் எங்கே விழுந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளும்.
இது ஒவ்வொரு கீற்றையும் மறித்து
எந்தப் பக்கத்தால் வருகிறாய் என்றும் கேட்கும்.

கொழும்பில் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல.
ஹம்டன் லேனில் அறை பார்க்கப் போனபோது
வீட்டுக்காரி கேட்டா: தம்பி எந்தப் பக்கம்?
அதற்கு முதல், தெஹிவளைப் பாலத்தடியில்
பஸ்ஸால் இறக்கிச்
சிங்களத்தில் கேட்டார்கள்.
பொலிஸ் பதிவுத் துண்டில்
அதற்கென்று ஒரு கோடு விட்டிருந்தார்கள்.
நான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னேன்.
வெளிச்சம் யோசிப்பதில்லை.
ஒளிதானே,
ஒளிக்கத் தெரியாது.

அதனால் இந்தப் படங்களில்
பார்வையைப் பிறகு வைக்கலாம்.
எடுத்து மூன்று கிழமை போனபின்னும்
கிட்டத்தைத் தொட்டால் கிட்டம் தெளியும்,
தூரத்தைத் தொட்டால் தூரம்.

பகல் முழுக்க என் வேலையும் அதுதான்.
காலி வீதி மூக்குக்கண்ணாடிக் கடையில்,
ஏசி இரையும் இருட்டறையில்,
ஆட்களை இருத்தி
வில்லையை மாற்றி மாற்றிக் கேட்பேன்:
இதுவா தெளிவு, முந்தினதா?

வெள்ளவத்தை. தண்டவாளத்துக்குக் கடற்பக்கம்.
ஐந்தே முக்கால்.
தனுஷியா கல்லில் ஏறி நின்றாள்.
நூறாம் நம்பர் பஸ்ஸில் நசிந்து வந்ததாய்ச் சொன்னாள்.
முன்மயிர் நெற்றியோடு படிந்திருந்தது.
சனநெரிசல் என்று நினைத்தேன்.

மூன்று கிழமையும்
அவள் முகத்திலேயே பார்வையை வைத்திருந்தேன்.
பின்னால் இருந்ததெல்லாம் கரைந்த ஐஸ்கிறீம்:
ஒரு சாம்பல் நிறம், கொஞ்சம் செம்மஞ்சள்,
இரண்டு வட்டம்.

நேற்றிரவு, வேறு வேலையில்லாமல்,
பின்னால் தொட்டேன்.

அவள் புகையானாள்.
தண்டவாளத்துத் துரு தெளிந்தது.
அன்னாசி விற்பவரின் மிளகாய்த்தூள் போத்தல்,
அதன் மூடியிலிருந்த ஓட்டை கூட.
கடவையடியில் மோட்டார்சைக்கிள், அதில் சாய்ந்து ஒருவன்.
வட்டங்கள் இரண்டும் ஹெல்மெட்டுகளாகின.
ஒன்று கறுப்பு.
மற்றது சிவப்பு, பாதி அவள் தோளுக்குப் பின்னால்.

இந்தக் கமராவில் இன்னொரு வித்தை உண்டு.
படத்துக்குள்ளேயே
ஒரு மயிரளவு தலையைச் சாய்த்துப் பார்க்கலாம்.
சாய்த்தேன்.
சிவப்பு ஹெல்மெட்டின் மற்றக் கன்னம் வெளியே வந்தது.
அதில் ஒட்டியிருந்த மஞ்சள் பூ
அவளுடைய போனின் முதுகிலும் இருக்கிறது.

இன்னும் சாய்த்தேன். விடவில்லை.
அவ்வளவுதான் தருவார்கள்.

அவன் நல்ல பெடியன் மாதிரித்தான் தெரிந்தான்.
எங்கள் பக்கம் பார்த்துக்
கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.
மைனஸ் ஒன்று இருக்கும், ஒன்றேகாலும் இருக்கலாம்.
யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

முகத்துக்குத் திருப்பினேன்.
பிறகு பின்னால்.
பிறகு முகம்.
கோபப்பட ஒரு தூரம் தேடினேன்,
விரல்தான் உளைந்தது.

ஓரிடத்துக்கு மட்டும் பார்வையை வைக்க ஏலாது:
ஈரமணலில்
செருப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு
சிரி, கொஞ்சம் சிரி என்று
கெஞ்சிக்கொண்டு நின்றவன் இடத்துக்கு.
அவன் எந்தப் பக்கம் என்று
ஒரு கீற்றும் சொல்லவில்லை.

இன்று காலை முதல் ஆள்
சீமெந்துக்கடை முதலாளி.
நாடியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார்.
இதுவா, முந்தினதா?
கனநேரம் பேசாமல் இருந்துவிட்டு
முந்தினதை இன்னொருக்காக் காட்டுங்கோ என்றார்.