மூடி

தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள்.
நாங்கள் பார்ப்போம்.
பல், குளம்பு, வால்நுனி எல்லாம் பார்ப்போம்.
பார்ப்பதற்காகத்தானே
செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு,
பெய்வதா வேண்டாமா என்று மழை யோசிக்கையில்,
கார்டிகன் கடைத்தெருவில்
தர்மக்கடை வாசலில் வந்து நிற்கிறோம்,
ஒருவரை ஒருவர் அறியாதவர் போல.

ஊரின் பெயர் கார்டிகன்.
உள்ளே கம்பியில் தொங்கும் கார்டிகன் மூன்று பவுண்டு.
கல்லாவில் இருக்கும் எலூனெட்
இந்த ஒரே நகைச்சுவையை
வெளியூர்க்காரர் ஒவ்வொருவருக்கும்
அன்று காலை பறித்ததுபோல் எடுத்துக் கொடுப்பாள்.

கதவு திறந்ததும் யெஸ்டின் கரண்டிப் பெட்டிக்குப் போவார்.
தபால் இலாகாவில் முப்பது வருஷம்;
இப்போது பூதக்கண்ணாடியோடு
கரண்டிகளின் முதுகில் வெள்ளி முத்திரை வாசிக்கிறார்.
நெஸ்டா கம்பளி ஆடைகளை மோந்து பார்ப்பாள்.
பூச்சி அரித்தது, நாய் படுத்தது,
யாரும் உடுத்தாமலே பீரோவில் கிடந்தது,
எல்லாம் மூக்குக்குத் தெரியுமாம்.

நான் டிலிஸ். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
எனக்கு வேண்டியது ஒரு மூடி.

பழுப்புநிறத் தேநீர்க் கெண்டியின் மூடி.
ஒன்பது வருஷம் முன்பு மெர்வின் கைதவறிப் போட்டான்.
அந்தக் குளிர்காலமே அவனும் போய்விட்டான்;
இரண்டுக்கும் சம்பந்தமில்லை.
மூடியை மட்டும்தான் தேடினேன்.

கெண்டிவாயை அட்டையில் வரைந்து வெட்டிக்
கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.
தேநீரில் நனைத்த பிஸ்கட்போல் ஓரம் நைந்துவிட்டது.
ஜாடிக்கேற்ற மூடி என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்.
ஏழரை சென்டிமீட்டர் என்று
எந்த மூடியும் நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை.
ஒருமுறை கிடைத்தது நூலளவு பெரிது.
நூலளவு என்பது கெண்டிக்கு மைல் கணக்கு.

புதுக் கெண்டியே எட்டு பவுண்டுதான் என்றாள் தங்கை.
இருக்கும் என்று தெரிந்து கடைக்குப் போவது ஒன்று,
இருக்காது என்று தெரிந்தும் போவது வேறு.
அவளுக்கு எப்படிச் சொல்ல?

தேடப்போன இடத்தில் கிடைத்தவற்றைப் பார்:
'புயல்' என்ற சொல்லிலேயே முள் நின்றுவிட்ட
காற்றழுத்தமானி.
ஆட்டுநாய்ப் போட்டியின் இரண்டாம் பரிசுக் கோப்பை,
அதில் என் பல்துலக்கி நிற்கிறது.
ஒரு பச்சை வெல்வெட் மேலங்கி,
போட்டதும் அளவெடுத்ததுபோல் அமர்ந்தது.
என் இடது தோள் சற்றே இறக்கம்.
முன்னால் உடுத்தியவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.
எந்தப் பையைச் சுமந்தாளோ.
நான்கு பவுண்டுக்கு ஒரு தோழி.

இந்தச் செவ்வாய், மேஜைக்கடியில்,
ஐம்பது பென்ஸ் பெட்டியில்,
கறைபட்ட விரிப்புக்கும் ஒற்றைக் கையுறைகளுக்கும் கீழே
பழுப்பாய் ஒரு வளைவு.
அட்டையை எடுத்து வைத்தேன்.
வட்டத்தின்மேல் வட்டம்.

சத்தமில்லாமல் கத்தினேன்.

அப்புறம்தான் உறைத்தது.
எந்தப் பெட்டியையும் கிண்டாமல் விடாத யெஸ்டின்
இன்று இதைத் தாண்டிப் போனார்.
நெஸ்டா கையுறைகளை மோந்துகூடப் பார்க்கவில்லை.
விலைச்சீட்டில் எலூனெட்டின் கையெழுத்து,
மை என் விரலில் ஒட்டியது.

ஒரு போன் செய்திருக்கலாம்.
காகிதத்தில் சுற்றிக் கல்லாவுக்குப் பின்னால் வைத்திருக்கலாம்.
கையில் கொடுத்திருந்தால்
மூடி மட்டும்தான் கிடைத்திருக்கும்.

"மூடியா? எதற்கு?" என்றாள் எலூனெட்,
தலை நிமிராமல், சில்லறையை எண்ணியபடி.
"சும்மாதான்" என்றேன்.
கரண்டிப் பெட்டிப் பக்கம் யாரோ செருமினார்கள்.

கெண்டியில் இப்போது மூடி இருக்கிறது.
ஊற்றும்போது கொஞ்சம் ஆடும், கிணுகிணுக்கும்.

யெஸ்டினுக்குப் பன்னிரண்டு கரண்டியில் ஒன்று குறைகிறது,
பிடியில் சிப்பி செதுக்கியது.
பேருந்தை நிறுத்திவிட்டு
பக்கத்து ஊர்க் கடைகளுக்கும் இப்போது போகிறேன்.
கிடைத்தால் எங்கே ஒளிப்பது என்று
இடம்கூடப் பார்த்தாயிற்று:
ஒற்றைக் கையுறைக்குள்.
இல்லை, இல்லை,
கார்டிகன் பையில்.