பதினொரு அங்குலம்

சுவரில் மாட்ட
ஒரு பக்க வரலாறு வேணுமாம்.
நில அளவைக் கந்தோரில் முப்பத்தொரு வருடம்
சங்கிலி பிடித்தவன் என்பதால்
என் தலையில் கட்டினார்கள்.
உவர்மலை லோன் ரெனிஸ் கழகம்.
புல் செத்து அறுபது வருடம்.
பெயரில் மட்டும் பச்சை.

முதல் இரண்டு கூட்டங்களைக் கறையான் தின்றுவிட்டது.
மூன்றாவதில் தொடங்குகிறது கழகம்:
அங்கத்தவர் பதினொரு பேர்,
ஒரு பெயரும் எங்கள் நாக்கில் புரளாது.
கீழே, சோடாப் போத்தல் செலவுக்கும்
சுண்ணாம்புச் செலவுக்கும் நடுவே
'பந்து பொறுக்குவோர், நால்வர்.'
பெயர் இல்லை. தொகை உண்டு.

முப்பத்தாறில் தபால் மாஸ்ரர் அருளம்பலத்தைச் சேர்த்தார்கள்.
ஆறுக்கு ஐந்து வாக்கு.
தேநீர்க் கொட்டகைக்குள் வரலாகாது என்று ஒரு நிபந்தனை.
மனுசன் பின்கோட்டில் நின்றே ஆடியிருக்கிறார்.
வலைக்குக் கிட்டப் போனதாக
எங்கும் பதிவில்லை.

நாற்பத்திரண்டு சித்திரையில்
துறைமுகத்துக்கென்று ஜப்பான்காரன் போட்டதில் ஒன்று
வழிதவறிக் கிழக்குப் பின்கோட்டில் விழுந்தது.
கல்லும் கப்பல் கரியும் கொட்டி மூடினார்கள்.
இன்றைக்கும் அந்த இடத்தில் பந்து கிளம்பாது,
சும்மா படுத்துக்கொள்ளும்.
அதைத் தெரிந்து அங்கேயே அடித்தவள்
ஆஸ்பத்திரி மிஸ்ஸி ஞானமலர்.
ஐம்பத்தேழில், சேலையை ஊசியால் குத்திக்கொண்டு
ஒரு நேவி லெப்டினனை நேர் செட்டில் வென்றாள்.
கிண்ணத்தில் அவள் பெயரைப் பிழையாக வெட்டினார்கள்.

ஐம்பத்தெட்டு, வைகாசி: கோரம் இல்லை, கூட்டம் ஒத்திவைப்பு.
எண்பத்துமூன்று, ஆடி:
வலை பத்திரமாக உள்ளது.
அங்கத்தவர் பற்றித் தகவல் இல்லை.
எழுதியவர் கையெழுத்து வைக்கவில்லை.
தொண்ணூறிலிருந்து வெறும் தாள்.
பதினேழு பக்கம், எண்ணிப் பார்த்தேன்.
பிறகு யாரோ பென்சிலால்,
கடல் ஏறிய மார்கழி ஞாயிறு:
மேட்டுக்கு ஓடிவந்த சனம் வலையில் சேலை காயவிட்டது.

இடையில் இரும்பு றோளர் எங்கே போனதென்று
ஒருவரும் கேட்கவில்லை.
நான் தினமும் அதன் முன்னால்தான்
சைக்கிளை விட்டு இறங்கினேன்.
தார் பூசி, முட்கம்பி சுற்றி
உட்துறைமுக வீதிச் சென்றியில் குறுக்கே கிடந்தது.
அடையாள அட்டையை நீட்டி நீட்டி
ஒன்பது வருடம் பார்த்தும்
அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை.
வீதியை அகலித்தபோது
உதுமாலெப்பையின் ட்ராக்டரில் திரும்பி வந்தது.
தாரைச் சுரண்டினோம்.
பித்தளைத் தகடு, கழகத்தின் பெயர்,
எண்ணூறு றாத்தல்.

எழுதுமுன் அளப்பது என் பழக்கம்.
நீளம் எழுபத்தெட்டு அடி இருக்கவேண்டும்.
கிழக்கே பதினொரு அங்குலம் குறைந்தது.
திரும்ப அளந்தேன்.
பிறகு உதுமாலெப்பையை நாடா பிடிக்கவைத்து
இன்னொரு தரம். அதே பதினொன்று.
கிடங்கை மூடியவன்
அதில் பாதியை வெளியே விட்டுக் கோடு போட்டிருக்கிறான்.
பின்னால் வந்த எல்லாரும்
கோட்டின் மேலேயே கோடு போட்டோம்.
எண்பது வருடமாய் 'அவுட்' என்று கை நீட்டிய பந்துகளில்
எத்தனை உள்ளே?
அருளம்பலத்தாரின் பந்துகள் எத்தனை?

வரலாறு இன்னும் எழுதவில்லை.
நேற்றுச் சரியான இடத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
பழையதை அழிக்க மனம் வரவில்லை என்றால் பொய்.
தேய்த்தும் பார்த்தேன்.
கல்லில் ஊறிய சுண்ணாம்பு, போகுதில்லை.
இரவில் கோட்டை மான்கள் வந்து
புதுக்கோட்டை ஒரு முழம் நக்கிவிட்டுப் போயிருந்தன.

நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.
கச்சான் முதுகில் தள்ள
ஷப்னா ஓங்கி அடித்தாள்.
பந்து இரண்டு கோட்டுக்கும் நடுவே விழுந்தது.
எழும்பவில்லை.
எதிரே நிரோஷன் விரலை உயர்த்திவிட்டான்.
இரண்டு பேரும்
என்னைப் பார்க்கிறார்கள்.