கண்ணளவு

காசிமேட்டு ஐஸ் மீனுக்காகப் பிறந்தது.
அதில் ஒரு கை அள்ளி டப்பாவைச் சுற்றிப் போட்டு
நாலரை மணி பஸ்ஸில் ஏறுகிறேன்.
உள்ளே சுண்டுவிரல் உயரக் குப்பி,
குப்பிக்குள் நூறு கோழிகளின் அடுத்த மாதம்.
"டப்பால இன்னா, வவ்வாலா?" என்கிறார் கண்டக்டர்.
கோழிக்குக் கண்ணில் விடுகிற மருந்து என்றேன்.
"அதுக்கும் கண்ணு தெரீலயா?"
சில்லறை பாக்கி தராமலே சிரித்துக்கொண்டு போனார்.

சடையங்குப்பத்தில் பதினோரு வீடு.
வெளிச்சம் வந்துவிட்டால்
கால்வாய்க் கரை முழுக்கத் துரத்த வேண்டும்.
பச்சையம்மாள் பிடிக்க, ஜுலேகா டார்ச் அடிக்க
ஒரு கோழிக்கு ஒரு சொட்டு.
இமைக்கும்வரை விடக் கூடாது.
கோழியின் இமை கீழிருந்து மேலே எழும்,
ஷட்டரை யாரோ உள்ளிருந்து இழுத்துச் சாத்துவதுபோல.

அமலோற்பவத்தின் வீடுதான் முதலில்.
போன சித்திரையில் "அஞ்சு ரூவா எதுக்கு" என்று
வாசலோடு என்னைத் திருப்பி அனுப்பியவள்.
இரண்டே நாளில் இருபத்தாறும்
கழுத்து முறுகி, வானம் பார்த்துச் செத்தன.
குழி தோண்டினோம்.
மூடியதில் பாதி மண்,
மீதி அனல்மின் நிலையத்துச் சாம்பல்,
அது கேட்காமலே வந்து விழுந்தது.

பிறகு முட்டை கூடியது.
மணலி டீக்கடைக்கு நாளுக்கு நாற்பது.
ஒரு நாள் ட்ரேயோடு திரும்பி வந்தது:
"ஆம்லெட்ல நெத்திலி வாசம்."
மீன் தலையைக் காய வைத்து, இடித்து
சும்மா கிடைக்கிறதென்று தீவனத்தில் கொட்டியிருந்தோம்.
பத்துப் பங்குக்கு ஒரு பங்குக்கு மேல் கூடாது
என்று நோட்டில் எழுதினேன்.
"ஓசிக்கும் அளவா?" என்றாள் ஜுலேகா.

கோவர்த்தன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவார்.
சேவலைக் காலைப் பிடித்துத் தூக்குவார்,
கண்ணை லேசாக மூடுவார்.
"ஒண்ணரை."
அவர் சொன்னால் ஒன்றரைதான்.
இருபது வருஷமாக எங்கள் சேவல் எதுவும்
ஒன்றரையைத் தாண்டி வளரவில்லை.

முட்டைக் காசில் தராசு வாங்கினோம்.
சின்டெக்ஸ் தொட்டியின் இரும்புக் காலில் மாட்டினோம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கிராம்.
கோவர்த்தன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் வரவில்லை.
சேவல்கள் தின்றன.
தின்றதையெல்லாம் நோட்டில்
சிவப்பு மையில் ஏற்றினேன்.
"உன் தராசு முட்டை போடுமா?"
யார் கேட்டது என்று எழுதவில்லை,
எல்லோரும்தான் கேட்டார்கள்.
என்னிடம் பதில் இல்லை.

நாலாவது வாரம் வந்தார்,
கையில் சொந்தத் தராசு.
அதே சேவல், ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு.
பச்சையம்மாள் உள்ளே போய்
பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டோடு வந்தாள்.
எங்கள் தராசில் ஆயிரத்து ஐந்து, கவரோடு.
அவர் தராசில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து.

யாரும் எதுவும் பேசவில்லை.
தலைகீழாகத் தொங்கிய சேவல்
ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.
"பழைய தராசும்மா" என்றார்.
எச்சில் தொட்டு எண்ணினார்.
அமலோற்பவம் இரண்டாம் முறை எண்ணினாள்,
எச்சில் தொடாமல்.

இன்றைக்குப் பதினோராவது வீடும் முடிந்தது.
ஐஸ் தண்ணீராகிவிட்டது, லேசான மீன் வாடை.
குப்பியில் மிச்சம் பதினேழு சொட்டு,
இன்னும் அரை மணி நேரத்தில் அதுவும் வெறும் தண்ணீர்.
பின்தெருவில் ஒரு தகரக் கதவைத் தட்டுகிறேன்.
"ஒண்ணும் வேணாம், போ."
உள்ளே
ஒரு சேவல் கூவுகிறது.
மறுபடி தட்டுகிறேன்.