அறையில் ஆள் இல்லை

புகைபோக்கி துடைக்க வந்தவர்
அடுப்புக்குள் தலையை விட்டுப் பார்த்து
விரிசல் என்றார்.
இனி இதில் விறகு வைத்தால் வீடே விறகு என்றார்.
அப்படித்தான் அந்த ஹீட்டர் வந்தது.
ஆயிரத்து ஐந்நூறு வாட், நாலு சக்கரம்,
ஒன்று நொண்டும்.

லியபாயாவில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது.
கடலிலிருந்து நேராக எங்கள் மரச்சுவருக்கு வரும்,
பலகை இடுக்கில் விரல் விட்டுப் பார்க்கும்.
அண்ணன் ஐவார்ஸ் பின்னறையில்
தபால் வழிச் சதுரங்கம் ஆடுவான்,
ஹீட்டரை அணைக்காமலே தூங்கிப்போவான்.
ஜனவரி மின்கட்டணத்தை இரண்டு முறை கூட்டினேன்.
மீன் டப்பா ஆலையில் கணக்கு எழுதுகிறவள் நான்,
கூட்டல் தப்பவில்லை.

வெப்பம் பார்க்க ஒன்று, அசைவு பார்க்க ஒன்று
வாங்கினேன். மலிவாக ஒரு பிளக்.
மூன்றாம் நாள் அது பழுப்பேறிக் கருகல் வாடை அடித்தது.
பதினாறு ஆம்பியர் தாங்கும் இன்னொன்று, இருமடங்கு விலைக்கு.
பதினேழுக்குக் கீழே இறங்கினால் எரி.
பத்தொன்பதைத் தொட்டால் நில்.
நடுவில் அந்த இரண்டு டிகிரி விடாவிட்டால்
டக் டக் டக் என்று பல் கிட்டிக்கும் ரிலே.
இருபது நிமிடம் அசைவே இல்லையா,
அறையில் ஆள் இல்லை. அணை.

அலமாரி மேலிருந்து
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது அது.
பூனை நடந்தால் ஆள் என்றது.
நாங்கள் வேலைக்குப் போன பகல் முழுக்க
பிபர்ஸுக்காக எரிந்தது.
ஐவார்ஸ் உட்கார்ந்தால் ஆள் இல்லை என்றது.

"குதிரையை எங்கே வைப்பது என்று யோசிக்கிறேன்,
என்னைச் செத்தவன் என்கிறது உன் பெட்டி."
சொல்லிவிட்டு, பள்ளிக்கூடப் பையன் போல
வலது கையை உயர்த்திக் காட்டினான்.
ஹீட்டர் கனைத்துக்கொண்டு எழுந்தது.

திருத்தினேன்.
பூனை உயரம் தெரியாதபடி
கண்ணின் கீழ்ப்பாதியில் கறுப்பு டேப் ஒட்டினேன்.
கதவுக்கு ஒரு காந்தம் சொல்லியனுப்பினேன்.
பெட்டிக்குள் போன குளவி
ரீங்காரம் நின்றாலும் உள்ளேதானே இருக்கும்,
மூடி திறக்கிறவரை?
காந்தம் வர இரண்டு வாரம்.

அதற்கிடையில் ஒரு காலை
பதிவுகளைத் திறந்தேன். யூனிட் பார்க்கத்தான்.
1.10 அசைவு.
1.30 அசைவு.
1.50. 2.10. 2.30.
இடையில் எதுவும் இல்லை.
நாற்காலி நகரவில்லை, ஒரு பக்கம் புரளவில்லை.
டக் என்று அணைந்ததும் மேலே போய்
இறங்கிய ஒரு கை.
4.50 வரை.
பதினோரு இரவு.

ரொசாரியோவிலிருந்து ஒஸ்வால்டோவின் அட்டை
கடைசியாக அக்டோபரில் வந்தது.
அறையைக் கூட்டும்போது பலகையைப் பார்த்தேன்.
குதிரைத் தலையில் தூசி.
ஓரத்துச் சீட்டில் அண்ணனின் எழுத்து:
அவர் ஆட வேண்டும்.

கேட்கவில்லை.
எங்கள் வீட்டில் கேட்கிற வழக்கமில்லை.
ஒரு மணிக்குப் பிறகு மட்டும்
இருபதை அறுபதாக்கினேன், கட்டணம் ஏறட்டும் என்று.
காந்தம் வந்ததும் கதவில் ஒட்டினேன்.

வியாழன் இரவு கதவைத் திறந்து நான் போனேன்.
அவன் நிமிரவில்லை.
குதிரை எப்படி நடக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது,
ஸ்டூலை இழுத்து மறுபக்கம் போட்டேன்.
"அந்தக் கால் ஆடும், பார்த்து" என்றான்.

2.31 கதவு திறந்தது.
2.31 அசைவு. கதவு மூடியது.
அறையில் ஆள் உண்டு.
எத்தனை பேர் என்று அதற்கு எண்ணத் தெரியாது.
ஆனால் விடிந்ததும் கூட்டிப் பார்த்தேன்:
அந்த இரவு ஹீட்டர்
ஒன்பது நிமிடம் குறைவாக எரிந்திருந்தது.